பகடியும் வழிநூலும்: மாலேகான் படங்களும் பொருநைக்கரை மரபும்

முன்னுள்ள படைப்பொன்றின் வடிவை எடுத்துக்கொண்டு, அதன் நிலத்தையும் மாந்தரையும் மாற்றி, கேட்போர்க்கு நகை விளைக்கும் முயற்சி எல்லா மொழிகளிலும் உண்டு. கிரேக்கப் பேரறிஞராகிய அரித்தாட்டில் தம் கவிதையியலில், தாசோசுத் தீவினராகிய எகெமோன் என்பாரை இவ்வகைப் பாடலை முதன்முதல் இயற்றியவராகக் குறித்துள்ளார். எலிக்கும் தவளைக்கும் மூண்ட போரை ஓமரின் வீரநடையிலேயே பாடிய சிறு காப்பியம் ஒன்றும் அம்மொழியில் உண்டு. இவ்வகைப் படைப்பினை இக்காலத் தமிழர் 'பகடி' என வழங்குவர். யாமும் அச்சொல்லையே இக்கட்டுரையில் ஆள்கின்றோம்.

பகடியைப் பற்றிய ஆராய்ச்சி நம் இலக்கிய வரலாறுகளில் மிகக் குறைவு. காப்பியத்திற்கும் சிற்றிலக்கியத்திற்கும் தனித்தனி இயல்கள் வகுத்தோர், பகடியை ஓரிரு வரிகளில் கூறி அமைந்தனர். மூலத்தை நம்பி வாழும் ஒட்டுயிர் என்றும், பொழுதுபோக்கின் பாற்பட்டது என்றும் கருதியமையே இதற்குக் காரணமாதல் வேண்டும். இக்கருத்து மறு ஆராய்ச்சிக்கு உரியது என்பதற்கு நம் காலத்து நிகழ்ச்சி ஒன்று சான்று பகர்கிறது. மகாராட்டிர மாநிலத்து நாசிக் மாவட்டத்தில் மாலேகான் என்னும் நெசவூர் உள்ளது. அவ்வூர்த் தொழிலாளர், 2000 ஆம் ஆண்டு முதலாகப் பெயர்பெற்ற பழந்திரைப்படங்களை மிகக் குறைந்த செலவில், பெரும்பாலும் ஊதியம் கருதாது ஒன்றுகூடி, பகடிப் படங்களாக ஆக்கினர். அப்படங்களைத் தமிழிலக்கண மரபின் துணைகொண்டும், பொருநையாறாகிய தாமிரபரணி பாயும் நிலத்தில் விளைந்த நகைக்கலைகளோடு ஒப்பிட்டும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். சிரிப்புக்கு உரியவர் யார், சிரிப்புக்குப் பொருளாகுபவர் யார் என்னும் வினாவே ஆராய்ச்சி முழுவதிலும் நமக்கு வழிகாட்டும்.

பகடியின் இலக்கணம்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களன் நான்கு எனக் கூறுமிடத்து எள்ளலை முதலில் வைத்தார். செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம் என்றும், பழிகரப்பு அங்கதம் என்றும் இரண்டாகப் பகுத்தார். வெளிப்படையாகப் பழித்தல் முன்னது. பழிப்பை மறைத்துக் கூறுதல் பின்னது. ஆயினும் பகடியை அங்கதம் என்ற அளவில் அடக்கிவிடல் இயலாது. அங்கதத்திற்கு வேண்டுவது பழிக்கத்தக்க பொருள் ஒன்று. பகடிக்கு அதனோடு மற்றொன்றும் வேண்டும். அஃது அவையோர் அனைவரும் முன்னரே அறிந்த மூலப்படைப்பு. மூலம் அறியாதான் முன் பகடி வெறும் பிதற்றலாகவே நிற்கும்.

எனவே பகடியின் இயல்பை அறிதற்கு மரபியலில் கூறப்படும் நூல்வகை மிகவும் துணைசெய்கிறது. முதனூலின் வழிவரும் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காகப் பகுத்துரைத்தார் தொல்காப்பியர். நெல்லைக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று கூறுவோம். பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891 இல் வெளியிட்ட மனோன்மணீயம், லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய கதைப்பாடல் ஒன்றைத் தழுவியது. அயல்நாட்டுக் கதை அந்நாடகத்தில் பாண்டியனுடையதாயிற்று, நிகழிடம் திருநெல்வேலியாயிற்று. கதைச்சட்டம் நிலைத்து நிற்க, நிலமும் மாந்தரும் மாறுவதே தழுவல். பகடியிலும் இதுவே நிகழ்கிறது. தழுவலில் மூலத்தின் பெருமிதம் புது நிலத்திலும் பெருமிதமாகவே தொடர்கிறது. பகடியிலோ அப்பெருமிதம் புது நிலத்தின் எளிமையோடு மோதி நகையாக வெடிக்கிறது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே. உரைகளில் வழங்கும் 'எதிர்நூல்' என்னும் பெயர் முதனூற் கருத்தை மறுத்து எழுவதனைக் குறிக்கும். பகடி முதனூலை மறுத்தல் கட்டாயமன்று. பெரும்பாலும் அதன்மேற் கொண்ட காதலாலேயே எழுகிறது.

படியெடுத்தலினின்றும் பகடி வேறானது. அமெரிக்க நாட்டு மிசிசிப்பி மாநிலத்தில் சிறுவர் மூவர் 1982 இல் தொடங்கி ஆண்டுக்கணக்காக உழைத்து, தாம் கண்டு வியந்த வீரசாகசப் படம் ஒன்றைக் காட்சிக்குக் காட்சி அவ்வாறே எடுத்தனர். அவர்தம் நோக்கம் மூலத்தை எட்டிப்பிடித்தல். மூலத்தை எட்ட இயலாது என்னும் உண்மையையே கலைப்பொருளாக்கிக்கொள்வது பகடி. வறுமை படியெடுப்போனுக்குத் தடை. பகடியாளனுக்கோ அதுவே கைம்முதல். இவ்விலக்கணத்தை மனத்திற்கொண்டு, முதற்கண் நம் ஆற்றங்கரைக்கு வருவோம்.

முக்கூடலும் குற்றாலமும்

முக்கூடற் பள்ளின் ஆசிரியர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. தாமிரபரணியோடு சிற்றாறு கூடும் சீவலப்பேரிப் பகுதியே அந்நூலின் களமாகிய முக்கூடல். பீடித்தொழிலால் பெயர்பெற்று மேற்கே அமைந்த முக்கூடல் பேரூர் வேறு. பள்ளன் ஒருவன், அவன் மனைவியர் இருவர், பண்ணைக்காரன் ஆகியோரே நூலின் மாந்தர். மூத்தவள் முக்கூடலைச் சார்ந்தவள், அழகர்பால் அன்புடையவள். இளையவள் மருதூரைச் சார்ந்தவள், சிவபெருமானைப் போற்றுபவள். இருவர்க்கும் மூளும் பூசல், ஒருவர் தெய்வத்தை ஒருவர் இகழும் ஏசலாக வளர்கிறது.

இவ்வேசலைச் சமயப் பகடி எனக் கூறுதல் தகும். சைவரும் வைணவரும் மன்றங்களில் நிகழ்த்திய சொற்போர் இங்கே வயல்வரப்பிற்கு வந்துவிடுகிறது. புராணச் செய்திகளைப் பண்டிதர் மேற்கோளாக எடுத்தாள்வர். பள்ளியர் வசைக்கு எடுத்தாள்கின்றனர். நெல்வகையும் மாட்டுவகையும் மீன்வகையும் நூலில் அடுக்கி வைக்கப்பெற்றுள்ளன. பண்ணைக்காரன் வருகையும் அத்தகையதே. உலா நூல்களில் தலைவன் பவனி வரும் பொலிவை அறிந்தவர்க்கு, இவனுடைய நகைக்கிடமான தோற்றம் அப்பொலிவின் தலைகீழ் வடிவாகவே புலப்படும்.

சிற்றாற்றின் மேற்கோடியில், இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள குற்றாலத்தைப் பாடியது திருக்குற்றாலக் குறவஞ்சி. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இதன் ஆசிரியர். மதுரை நாயக்க மன்னராகிய முத்துவிசயரங்க சொக்கநாதர் அவர்க்கு நிலம் வழங்கினார் என்பதும், அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர்பெற்றது என்பதும் அறிஞர் அறிந்தன. இந்நூலின் முற்பகுதியில் வசந்தவல்லி குற்றாலநாதர்மேற் காதல்கொண்டு வாடுகிறாள். பிற்பகுதியில் சிங்கன் தன் சிங்கியைக் காணாது அலைகிறான். தலைவியின் காதல்நோயை அவையோர் உள்ளம் உருகிக் கேட்ட பின்னரே வேடனின் காதல்நோய் வருகிறது. முன்னது ஒலி எனின் பின்னது எதிரொலி. சிங்கி அணிந்து வந்த அணிகளைக் கண்டு சிங்கன் வினவுவதும், அவள் விடைகூறுவதும் எதிரொலியின் உச்சநிலை. ஒரே நூலுக்குள் மூலமும் பகடியும் அடுத்தடுத்து அமைந்தமை இதன் தனிச்சிறப்பு.

இவ்விரு நூல்களின் சுவையை நுகரும் நாம் வினா ஒன்றை எழுப்புதல் கடன். இங்கே சிரிப்பவர் யார்? நூல் செய்தவர் புலவர். புரந்தவர் செல்வரும் அரசரும். நகைக்குப் பொருளாக நிற்பவரோ உழவுத்தொழிலாளியும் வேடனும். பள்ளன் தண்டனை பெற்றுத் தொழுவிற் கட்டுண்டு வருந்துவதும் பள்ளு நூல்களில் வேடிக்கைக் காட்சியாகவே அமைகிறது. உழைப்பவனுக்கு இலக்கியத்தில் குரல் தந்தது இவற்றின் பெருமை. அக்குரலின் நகைப்பயன் அவனைச் சேரவில்லை என்பது இவற்றின் எல்லை. பெருமையை மட்டும் பேசி எல்லையை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று.

பாவைக்கூத்தும் கிந்தனாரும்

ஏட்டிலக்கியத்தைவிட்டு மக்கள் அரங்கிற்கு வந்தால் நிலைமை சிறிது மாறுகிறது. தென்மாவட்டங்களில் நிகழ்ந்த தோற்பாவைக் கூத்தில் இராமகாதையே பெரும்பொருள். இராமனும் இராவணனும் செந்தமிழ் சார்ந்த நடையில் உரையாடுவர். இடையிடையே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் நகைமாந்தர் இருவர் புகுந்து, உள்ளூர்ப் பேச்சில் காப்பியத்தை இடைமறிப்பர். ஊர்ச்செய்தியும் விலைவாசியும் காப்பியக் களத்துள் அவர் வழியே நுழையும். காண்போர் அவர்களோடு சேர்ந்து இராமகாதையை நோக்கிச் சிரிப்பர். அடுத்த நொடியில் இராமனுக்காக இரங்கி அழவும் செய்வர். பகடி மூலத்தின் மதிப்பைக் குலைத்துவிடும் என அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிரித்த அதே அவைதான் பட்டாபிடேகத்தைக் கைகூப்பிக் கண்டது.

திரைப்படம் தோன்றிய பின்னர்ப் பகடி புதிய கருவி பெற்றது. பம்மல் சம்பந்த முதலியார், உண்மையே பேசும் அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கிப் பொய்யே பேசும் வேந்தன் ஒருவனைப் படைத்துச் சந்திரஹரி என்னும் நாடகம் இயற்றினார். பெயரும் தலைகீழாய் நிற்பதைக் காண்க. 1941 இல் அது குறும்படமாக வெளிவந்தது, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதில் நடித்தார். அரிச்சந்திரன் கதை 1932 லேயே தமிழ்ப் பேசும்படமாக வந்து மக்கள் கண்டது. ஆகவே இதனைத் தமிழ்த் திரையின் தொடக்ககாலப் பகடிகளுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

கலைவாணர் திருநெல்வேலிச் சீமையை அடுத்த நாஞ்சில் நாட்டு நாகர்கோவிலில் 1908 இல் பிறந்தவர். அவர் நிகழ்த்திய பகடிகளுள் தலையாயது கிந்தனார் காலட்சேபம். உடுமலை நாராயணகவி இயற்றிய இது, 1949 இல் வெளிவந்த நல்லதம்பி என்னும் படத்தில் இடம்பெற்றது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் கதாகாலட்சேபமாக நாடெங்கும் பரவியிருந்தது. நந்தனார் கதை 1935 இலும் 1942 இலும் திரைப்படமாகவும் வந்தது. எனவே அக்கதையின் இசையமைதியும் நிகழ்ச்சிமுறையும் மக்கள் உள்ளத்தில் பதிந்திருந்தன. கலைவாணர் காலட்சேப வடிவைச் சிறிதும் சிதைக்காது ஏற்றார், பொருளை மாற்றினார். நந்தன் தில்லையைக் காண ஏங்கினான். கிந்தனோ கல்வியை நாடிச் சென்று, கற்றுத் தேர்ந்து, அலுவலனாக மீள்கிறான்.

இங்கே நகையின் திசை திரும்பிவிட்டதை உணர்தல் வேண்டும். முக்கூடற் பள்ளில் ஒடுக்கப்பட்டவன் நகைக்குப் பொருளானான். கிந்தனாரில் அவனை ஒடுக்கிய முறைமை நகைக்குப் பொருளாகிறது. ஆயினும் நகையை ஆக்கியவர் தொழில்முறைக் கலைஞரே. உழைப்பாளி கதையின் தலைவனானான். கதையை ஆக்குவோன் ஆகவில்லை. அந்நிலையை மாலேகானில் காண்கிறோம்.

மாலேகானின் நெசவாளர்

மாலேகான் மோசம், கிர்ணா என்னும் ஆறுகளை ஒட்டி அமைந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இந்தியாவினின்றும் முசுலிம் நெசவாளர் பலர் அங்குக் குடியேறினர். கைத்தறி நாளடைவில் விசைத்தறியாயிற்று. ஊர் முழுதும் தறியோசை நிறைந்தது. தறியில் நெடுநேரம் நின்று உழைப்போர்க்கு வெள்ளிக்கிழமையே ஓய்வுநாள். அந்நாளின் பெருவிருந்து திரைப்படம்.

அவ்வூரில் நாசிர் ஷேக் என்பார் ஒளிநாடாப் படக்கொட்டகை ஒன்றை நடத்திவந்தார். இரண்டு ஒளிநாடாக் கருவிகளை இணைத்து, ஒன்றினின்று மற்றொன்றிற்குக் காட்சிகளைப் பெயர்த்து வெட்டி ஒட்டும் முறையைத் தாமே பழகினார். படத்தொகுப்பு என்னும் கலை அவர்க்குக் கல்லூரியில் வந்ததன்று. கொட்டகைத் தொழிலில் வந்தது. எக்காட்சியில் அவை சலிக்கும், எக்காட்சியில் அவை ஆரவாரிக்கும் என்பதை நாள்தோறும் கண்டறிந்தவர் அவர். பின்னர்ச் சொந்தமாகவே படம் எடுக்கத் துணிந்தார். 2000 ஆம் ஆண்டில் 'மாலேகானின் ஷோலே' உருவாயிற்று.

ரமேஷ் சிப்பி இயக்கிய ஷோலே 1975 ஆகத்து 15 இல் வெளிவந்தது. பம்பாய் மினர்வா திரையரங்கில் ஐந்தாண்டுகளுக்கு மேலாக ஓடியது. அதன் உரையாடல் தனி இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் விற்பனையாகி மக்கள் நாவில் பயின்றது. பகடிக்கு முதல் வேண்டுகோளாகிய 'அவையோர் அறிந்த மூலம்' இதனைவிடச் சிறப்பாக அமைதல் அரிது. மூலப்படத்தின் செலவு ஏறத்தாழ மூன்று கோடி ரூபாய். மாலேகான் படத்தின் செலவோ ஏறத்தாழ 50,000 ரூபாய். கால இடைவெளியில் பணத்தின் மதிப்பு வீழ்ந்ததைக் கருதாமலே கணக்கிட்டாலும், இஃது அறுநூற்றில் ஒரு பங்கு.

இச்சிறு தொகை எவ்வாறு போதுமானதாயிற்று? நடித்தோர் நண்பரும் தறித்தொழிலாளரும் ஆவர். ஊதியம் அவர்தம் கருத்தன்று. வேலையற்ற பொழுதே படப்பிடிப்புக்கு உரிய பொழுது. ஊரின் தெருவும் வெளியும் வாடகையின்றிக் களங்களாயின. மிதிவண்டியில் படக்கருவியோடு அமர்ந்து, அது நகரும்போது படம்பிடித்தனர். உயரத்தினின்று இறங்கும் காட்சிக்கு மாட்டுவண்டியின் நுகத்தடி ஏற்றக்கழியாயிற்று. பெருநிறுவனங்கள் இரும்பாலும் இயந்திரத்தாலும் செய்வதனை இவர் வண்டியாலும் கயிற்றாலும் செய்தனர்.

மூலத்தில் கொள்ளையர் குதிரைமேல் விரைவர். மாலேகானில் அவர் மிதிவண்டியில் வருவர். இவ்வொரு மாற்றம் பகடியின் இலக்கணம் முழுவதையும் விளக்க வல்லது. குதிரைக்குப் பணமில்லை என்பது செலவுக்கணக்கு. மிதிவண்டி அவ்வூர்த் தொழிலாளியின் அன்றாட ஊர்தி என்பது நிலத்தின் உண்மை. மிதிவண்டி தோன்றிய அளவிலேயே அவை சிரிக்கிறது. அச்சிரிப்பில் தன் வறுமையைக் கண்ட நாணம் சிறிதும், அவ்வறுமையோடே பெருங்கதையுள் புகுந்துவிட்ட பெருமிதம் பெரிதும் கலந்துள்ளன என யாம் கருதுகின்றோம்.

அடுத்து வந்தவற்றுள் பெயர்பெற்றது 'மாலேகானின் சூப்பர்மேன்'. அமெரிக்கப் படத்தின் வானில் பறக்கும் ஆற்றலாளன் கட்டமைந்த உடலன். மாலேகான் நாயகனோ மெலிந்த உடலினர். ஷபீக் ஷேக் என்னும் அத்தொழிலாளரே அவ்வேடம் பூண்டார். பச்சைத் திரையின் முன் அவரைத் தாங்கிப் பறப்பவர்போற் படம்பிடித்து, பின்னணியைக் கணிப்பொறியில் மாற்றினர். ஊரின் அழுக்கும் மாசும் கதைக்குள் புகுந்தன. உலகைக் காப்பவன் என்னும் பேருரை மாலேகானின் சாக்கடை ஓரத்தில் ஒலித்தபோது, நகையோடு ஊராட்சி பற்றிய முறையீடும் உடனெழுந்தது. தொல்காப்பியர் கூறிய பழிகரப்பு அங்கதம் ஈண்டு வந்து பொருந்துவதைக் காணலாம்.

இப்படத்தின் ஆக்கத்தைப் பைசா அகமது கான் என்னும் இயக்குநர் உடனிருந்து ஆவணப்படமாக்கினார். 2008 இல் உருவான அவ்வாவணப்படம் 2012 இல் இந்தியத் திரையரங்குகளில் வெளியாயிற்று. படக்கருவி நீரில் வீழ்ந்து பழுதாகி வேலை நின்ற இடரும் அதில் பதிவாகியுள்ளது. ஆவணப்படம் அரங்கிற்கு வருமுன்னரே ஷபீக் ஷேக் வாய்ப்புற்று நோயால் மறைந்தார். பின்னர் ரீமா காக்தி இயக்கத்தில் இவ்வரலாறு கதைப்படமாகி, 2024 இல் தொராந்தோத் திரைவிழாவில் காட்டப்பெற்று, 2025 பெப்ருவரியில் திரையரங்குகளுக்கு வந்தது. பெருந்திரையைப் பகடி செய்த சிறுதிரையின் கதையைப் பெருந்திரையே எடுத்துரைத்தது. மூலமும் வழியும் இடம் மாறிய இந்நிகழ்ச்சி நூல்வரலாற்றில் அரியது.

ஒப்பும் வேறுபாடும்

மாலேகான் படங்களையும் பொருநைக்கரை மரபையும் அருகருகே வைத்து நோக்கும்போது மூன்று செய்திகள் புலனாகின்றன.

முதலாவது, இரண்டிலும் நிலமாற்றமே நகைக்கு ஊற்று. சமயவாதம் வயலுக்கு வருகிறது. காதற்றுறை வேடன் வாய்க்கு வருகிறது. இராமகாதை ஊர்ப்பேச்சுக்கு வருகிறது. வீரப்படம் தறித்தெருவுக்கு வருகிறது. ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியது என யாம் கூறவில்லை. மாலேகான் கலைஞர் குறவஞ்சியை அறிந்தவரல்லர். ஒத்த சூழலில் ஒத்த உத்தி தானே தோன்றும் என்பதே கருத்து.

இரண்டாவது, நகையின் உரிமை படிப்படியாகக் கைமாறி வந்துள்ளது. பள்ளிலும் குறவஞ்சியிலும் அது புலவர் கையில் இருந்தது. பாவைக்கூத்தில் ஊர்தோறும் திரிந்த எளிய கலைஞன் கைக்கு வந்தது. கிந்தனாரில் சீர்திருத்த நோக்குடைய திரைக்கலைஞர் ஏந்தினார். மாலேகானில் நகைக்குப் பொருளாகிய தொழிலாளியே நகையை ஆக்குவோனுமாயினான். தன்னைப் பிறர் எள்ளுதல் வேறு. தன்னைத் தானே எள்ளி, அதன் வழியே பெரியோரை அளத்தல் வேறு. இவ்வேறுபாட்டை வரையறுத்துக் காட்டுவதற்கேனும் மாலேகான் படங்கள் இலக்கிய மாணவர்க்குப் பாடமாதல் தகும்.

மூன்றாவது, கைமாறுதல் இன்னும் முற்றுப்பெறவில்லை. மாலேகானில் உள்ளூர்ப் பெண்டிர் நடிக்க முன்வரும் சூழல் இல்லாமையால், வெளியூர் நடிகையர் அழைக்கப்பட்டனர். நம் திருநெல்வேலிக் கணியான் கூத்தில் ஆடவரே பெண்கோலம் பூண்டு மகுடத்தின் இசைக்கு ஆடுவதையும் ஈண்டு நினைக்கலாம். முக்கூடற் பள்ளில் ஏசலின் சுவை முழுதும் பெண்டிர் வாயிலாகவே வருகிறது. அச்சொற்களைப் புனைந்தவர் புலவரே. ஊர் முழுதும் சேர்ந்து சிரித்தது எனக் கூறும்போது, ஊரிற் பாதியாகிய மகளிர் எங்கு நின்றனர் என்பதையும் வரலாற்றாசிரியன் குறித்தல் வேண்டும்.

தமிழ்நாட்டிலும் திரைப்பகடி இக்காலத்தில் வளர்ந்துள்ளது. தொலைக்காட்சியில் 2003 ஐ ஒட்டித் தொடங்கிய 'லொள்ளு சபா' பழைய படங்களையும் புதிய படங்களையும் வாரந்தோறும் பகடி செய்தது. 2010 இல் சி.எஸ். அமுதன் இயக்கிய 'தமிழ்ப்படம்' திரையரங்கில் வெற்றி கண்டது. எனினும் இவை நிறுவனங்களின் முதலீட்டால், தொழிற்கலைஞரால் ஆக்கப்பெற்றவை. மூலம் பிறந்த நகரிலேயே இவையும் பிறந்தன. இவற்றின் நகை பெரிதும் திரைமரபின் பழகிய உத்திகளை நோக்கியது. மாலேகானின் நகை திரைக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட தொலைவை நோக்கியது.

முதலீடு என்னும் இடர் எத்தகையது என்பதை நெல்லை எழுத்தாளர் வாழ்விலேயே காணலாம். புதுமைப்பித்தன் 'நாரத ராமாயணம்' எழுதிய பகடிவல்லார். வாழ்வின் இறுதியாண்டுகளில் திரைத்துறையிற் புகுந்து, பர்வதகுமாரி புரொடக்சன்சு என்னும் நிறுவனம் தொடங்கி, 'வசந்தவல்லி' என்னும் படத்தை எடுக்க முயன்றார். அப்பெயர் குற்றாலக் குறவஞ்சித் தலைவியின் பெயர். முயற்சி கைகூடவில்லை, பொருளிழப்பே எஞ்சியது. 1948 இல் அவர் மறைந்தார். திரைக்கலை அக்காலத்தில் பெருமுதலாளர்க்கே உரியதாய் இருந்தது. ஒளிநாடாக் கருவி பரவிய பின்னரே, ஊதியம் வேண்டாத நண்பர் கூட்டம் அதே கலையைத் தெருவில் நின்று செய்ய இயன்றது.

பொருநைக்கரையில் செய்யத்தக்கது

தறியூர்கள் பொருநைக்கரையிலும் உண்டு. வீரவநல்லூரும் மேலப்பாளையமும் நெசவால் வாழ்ந்த வரலாறு உடையவை. வீரபாண்டிய கட்டபொம்மன் படம் 1959 இல் வெளிவந்த நாள்தொட்டு, கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றைத் தன்னகத்தே கொண்ட இம்மண்ணில் அதன் உரையாடல் பள்ளிச் சிறுவர்க்கும் மனப்பாடம். வானொலி ஒலிச்சித்திரமும், திருவிழா ஒலிபெருக்கியும், திருமண வீட்டு இசைத்தட்டும் அதனைச் செவிதோறும் சேர்த்தன. ஆண்டுவிழா மேடைகளில் அவ்வரசவைக் காட்சியை நடிப்பதும், மறு ஆண்டு அதனையே நகையாக மாற்றி நடிப்பதும் தமிழ்நாட்டு ஊர்கள் நன்கறிந்தவை. வரி கேட்க வந்த வெள்ளைக்காரத் துரை, ஊர்க்கடைக்குக் கடன்பாக்கி கேட்க வருபவனாக மாறிவிடுவான். இவையும் குறைந்த செலவில், ஊதியமற்ற கூட்டத்தால் ஆக்கப்பெற்ற பகடிகளே. படக்கருவி இல்லாமையால் அவை மேடையோடு மறைந்தன.

மறைந்தவை போக எஞ்சியவற்றைத் தொகுத்தல் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் கடன். இத்தொண்டிற்கு நெல்லையிலேயே முன்மாதிரி உண்டு. நாங்குநேரியைச் சார்ந்த பேராசிரியர் நா. வானமாமலை, கற்றோர் இகழ்ந்து ஒதுக்கிய நாட்டுப்பாடல்களைத் தொகுத்து 1964 இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என நூலாக்கினார். கட்டபொம்மன் கதைப்பாடலையும் பதிப்பித்தார். நெல்லை ஆய்வுக் குழுவின் வாயிலாகவும், 1969 இல் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழின் வாயிலாகவும் மாணவர் பலரை அத்துறையில் ஈடுபடுத்தினார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலுக்குத் தனித்துறை கண்டது. ஒரு தலைமுறைக்கு முன் கதைப்பாடல் இலக்கியமாகுமா என்று வினவினோர் இன்று அதனைப் பாடமாக வைக்கின்றனர்.

பகடிக்கும் அந்நிலை வருதல் வேண்டும். ஒளிநாடாக்கள் காலப்போக்கில் அழியும் பொருள். காந்தப்பூச்சு உதிர்ந்தபின் மீட்டல் அரிது. அவற்றை இயக்கும் கருவிகளும் சந்தையிலிருந்து மறைந்தன. திருமணப் படம் எடுப்போர் வீடுகளிலும், பழைய நாடக மன்றத்தார் பெட்டிகளிலும் நகை நாடகங்களின் நாடாக்களும் கைப்படிகளும் இருத்தல் கூடும். ஆய்வு மாணவர் ஒவ்வோர் ஊராகச் சென்று, படைப்போடு ஏழு செய்திகளையும் உடன் பதிதல் நலம்: மூலம் யாது, ஆக்கியோர் யாவர், அவர் தொழில் யாது, செலவு எவ்வளவு, கொடுத்தவர் யார், கண்டு சிரித்தோர் யாவர், சிரிக்க மறுத்தோர் யாவர். இறுதி வினா மிகவும் இன்றியமையாதது. ஒரு சாதியாரையோ, உடற்குறை உடையாரையோ, பெண்டிரையோ இழித்து எழுந்த நகையும் பகடி என்னும் பெயரில் நம்மிடை உண்டு. அதனைப் பிரித்தறிய வேறு அளவுகோல் இல்லை.

பள்ளனின் குரலைப் புலவர் எழுதிவைத்தமையால் இன்று முக்கூடற் பள்ளைக் கற்கிறோம். பள்ளன் தானே எழுதிய பள்ளு ஒன்று இருந்திருப்பின் அதன் நகை எத்தகையதாக இருந்திருக்கும் என அறிய நமக்கு வழியில்லை. மாலேகான் நெசவாளர் தம் நகையைத் தாமே பதிந்து வைத்தனர். பொருநைக்கரை உழைப்பாளரின் நகையோ பதிவின்றி அழியும் நிலையில் உள்ளது. அதனை அறிந்த மேடைக்கலைஞர் உயிரோடிருக்கும்போதே இப்பணி தொடங்குதல் வேண்டும்.